எஞ்சின் பூட்டும்போது எந்த இடத்துக்கு எந்தப் பேஸ்ட்?

எஞ்சின் பாகங்கள் சேரும் இடத்தில் கசியாமல் தடவும் பேஸ்ட்டைப் பற்றித்தான் பேச்சு. கடையில் "நல்ல பேஸ்ட் ஒன்று கொடுங்க" என்று கேட்டால் பெரும்பாலும் கறுப்பு சிலிக்கான் டியூப்தான் வரும். நல்ல சரக்குதான், ஆனால் எஞ்சின் முழுவதற்கும் அது ஒன்றே போதாது. திருமங்கலத்தில் வீட்டு ஷெட்டிலேயே மாருதி 800 எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய பிறகு சொல்கிறேன்: பிராண்டை அப்புறம் பார்க்கலாம். முதலில் இணைப்பைப் பாருங்கள்.

படி 1: தகட்டில் செய்த ஆயில் சம்ப் (எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) போன்றவை சூட்டில் கொஞ்சம் அசையும், இடைவெளியும் இருக்கும். அங்கே ஆர்டிவி சிலிக்கான், அதாவது சாதாரண வெப்பத்திலேயே இறுகும் வகை. அது காற்றிலுள்ள ஈரத்தை எடுத்துக்கொண்டு ரப்பராக இறுகும். இரண்டு பக்கமும் வழவழப்பாக மெஷின் செய்த கனமான உலோகம், நடுவில் பேக்கிங் (கசியாமலிருக்க வைக்கும் கேஸ்கெட்) கிடையாது என்றால் அனரோபிக் என்ற வகை பேஸ்ட். காற்றுப் படாமல் உலோகத்துக்கு நடுவே நசுங்கினால்தான் இது இறுகும். கால் மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருந்தால் இதை நம்ப வேண்டாம்.

சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே வரும் ஹெட் பேக்கிங்கை வெறுமனே வையுங்கள். மேனுவல் சொன்னால் தவிர எதுவும் தடவக் கூடாது.

படி 2: பழைய பேஸ்ட்டைப் பிளாஸ்டிக் சுரண்டியால் எடுங்கள். எமரி வேண்டவே வேண்டாம், அந்தத் தூள் பேரிங்கைத் தின்றுவிடும். பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவிடுங்கள்.

படி 3: புதிதாகச் செய்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். கசியுமோ என்ற பயத்தில் டியூபையே காலி செய்துவிடுகிறோம். வெளியே பிதுங்குவது கண்ணுக்குத் தெரியும். அதே அளவு உள்ளேயும் பிதுங்கும். அந்தத் துண்டு பிய்ந்து ஆயிலோடு போய் பம்ப்பின் சல்லடையில் ஒட்டும். ஆயில் வராமல் பேரிங் காய்ந்து எஞ்சினே இறுகிச் சுற்றாமல் நின்றுவிடும். 2 முதல் 3 மில்லிமீட்டர் கனத்தில் அறுபடாத ஒரே கோடு போதும், அதுவும் போல்ட் துளைக்கு உட்புறமாக. எஞ்சினின் முன்பக்க மூடியான டைமிங் கவரும் பிளாக்கும் சந்திக்கும் மூலையில் மட்டும் கூடுதலாக ஒரு பொட்டு.

கோடு போட்டதும் மேலே பாலாடை போலப் படலம் படிவதற்குள் பாகத்தைப் பொருத்திவிடுங்கள். ஆடி மாதக் காற்றில் திறந்த ஷெட் என்றால் ஒரு தார்ப்பாய் கட்டிவிட்டு ஆரம்பியுங்கள். புழுதி படிந்த கோடு ஒட்டாது.

படி 4: போல்ட்டைக் குறித்த அளவுக்கு முறுக்க உதவும் டார்க் ரெஞ்ச் கட்டாயம். எவ்வளவு முறுக்க வேண்டும் என்பது மேனுவலில் இருக்கும். 24 மணி நேரம் கழித்து ஆயில் ஊற்றுங்கள்.

பின்சேர்க்கை: அலுமினியத்தில் அனரோபிக் இறுகவில்லை என்று சிலர் எழுதியிருந்தீர்கள். இரும்பைவிட அலுமினியத்தில் அது மெதுவாகத்தான் இறுகும். அதற்கென ஆக்டிவேட்டர் ஸ்பிரே கிடைக்கிறது, இல்லையென்றால் கூடுதலாகக் காத்திருங்கள். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானைப் பற்றியும் கேட்டீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் உலோகத்தை அரிக்கும். ஆக்சிஜன் சென்சார் உள்ள வண்டி என்றால், சென்சாருக்குப் பாதகமில்லை என்று டியூபிலேயே போட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள்.