ஒன்டாரியோவில் முதல் கிராஸ்போ வேட்டை: நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு

போன வாரம் ஒத்தக்கடையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அக்கா மகன் கேட்டான்: "மாமா, அங்க மான் வேட்டைக்கு கவர்மெண்டே லைசென்ஸ் தர்றாங்களாமே? கிராஸ்போன்னா துப்பாக்கி லைசென்ஸ்கூட வேணாமாம்ல?" அடுத்த மாதம் கனடாவில், ஒன்டாரியோ மாகாணத்து பீட்டர்பரோவுக்கு வேலைக்குப் போகிறான். நான் ஒன்டாரியோவில் 16 வருடம் இருந்தவன். அதில் 11 சீசன் கிராஸ்போவோடு, அதாவது துப்பாக்கி மாதிரி விசையை அழுத்தி எய்கிற குறுக்குவில்லோடு, காட்டில் உட்கார்ந்திருக்கிறேன். அவனிடம் சொன்னதை, அங்கே ஏற்கெனவே போய் இறங்கிவிட்ட மற்றப் பிள்ளைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் ஊர் வேட்டையை மனதிலிருந்து இறக்கி வையுங்கள். சிவராத்திரிக்குப் பாரிவேட்டை போன கதையைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சிப்பிப்பாறை நாயை அவிழ்த்துவிடுவது, ராத்திரி தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு முயலின் கண்ணைக் கூசவைப்பது எல்லாம் பார்த்திருப்போம். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இங்கே அது குற்றம். அங்கே போனால் அந்தப் பழக்கம் இன்னும் ஆபத்து. சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து, மறைந்து அரை மணி நேரம் வரைதான் மான் வேட்டை. லைட் அடித்து மான் சுடுவது பெரிய குற்றம். வில்லையும் வண்டியையும்கூடப் பறிமுதல் செய்ய முடியும்.

சரி, அவன் கேட்டதற்கு வருகிறேன். துப்பாக்கி லைசென்ஸ் வேண்டாம் என்பது உண்மைதான். ஆனால் ஒற்றைக் கையால் பிடித்து எய்கிற மாதிரி செய்த கிராஸ்போவும், மொத்த நீளம் 500 மில்லிமீட்டரைத் தாண்டாத கிராஸ்போவும் கனடாவில் தடை செய்யப்பட்ட ஆயுதங்கள். ஆன்லைனில் சின்னதாக, அழகாக விற்கிறதே என்று ஆர்டர் போட்டுவிடாதீர்கள். துப்பாக்கி லைசென்ஸ் வேண்டாம் என்றாலும் வேட்டை லைசென்ஸ் வேண்டும். அதற்கு ஒன்டாரியோவின் வேட்டைக் கல்விப் பயிற்சியை முடித்துத் தேர்வில் பாஸாக வேண்டும். அப்புறம் அவுட்டோர்ஸ் கார்டு என்கிற அடையாள அட்டை, மான் லைசென்ஸ், அதோடு டேக் என்கிற மானுக்கான சீட்டு. ஒன்டாரியோவாசி என்ற கணக்கில் லைசென்ஸ் வாங்க, அதற்கு முந்தைய 12 மாதத்தில் தொடர்ந்து 6 மாதம் அங்கே குடியிருந்திருக்க வேண்டும். அதனால் போய் இறங்கிய வருடமே மான் என்ற அவசரம் வேண்டாம். முதல் சீசனைப் பயிற்சிக்கும் படிப்புக்கும் விட்டுவிடுங்கள். விதிச் சுருக்கம் ஆண்டுதோறும் வெளியாகும். நீங்கள் போகும் பகுதியின் எண்ணைப் பார்த்து, எந்தத் தேதியில் வில்லுக்கு மட்டும் அனுமதி, எப்போது துப்பாக்கிக்காரர்களும் வருவார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி சீசன் ஓடும்போது வில் வைத்திருப்பவரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறச் சட்டையும் தொப்பியும் போட்டாக வேண்டும்.

வில்லைப் பற்றி. மானுக்கு நாண் இழுவிசை குறைந்தது 45 கிலோ, இழுக்கும் நீளம் குறைந்தது 300 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அம்பு முனை குறைந்தது 22 மில்லிமீட்டர் அகலமும், இரண்டு கூரான வெட்டு விளிம்பும் உள்ளதாக இருக்க வேண்டும். கடையில் இருப்பவை பெரும்பாலும் இதைவிட வலுவானவைதான். அதனால் பலத்தைத் தேடி அலையாதீர்கள். உங்களால் சத்தமில்லாமல், உடம்பை வளைத்து முனகாமல் நாண் ஏற்ற முடிகிற வில்லாகப் பாருங்கள்.

நாண் ஏற்றும் விதத்தை அவனுக்குத் திண்ணையில் ஒரு உலக்கையையும் கொடிக்கயிறையும் வைத்துக் காட்டினேன். வில்லின் முன்னால் இரும்பு வளையம் இருக்கும். அதைத் தரையில் ஊன்றி, பாதத்தை முழுதாக உள்ளே விட வேண்டும். நாண் ஏற்றுவதற்கென்றே இரண்டு கைப்பிடியும் இரண்டு கொக்கியும் உள்ள தனிக் கயிறு உண்டு. அதன் நடுப்பகுதி பின்கட்டைமேல் படும். இரண்டு கொக்கியும் நாணில், நடுத்தண்டை ஒட்டி, இரு பக்கமும் சமமாக மாட்டும். இரண்டு கைப்பிடியையும் ஒரே வேகத்தில் மேலே இழுத்தால் ‘டக்’ என்று நாண் பூட்டில் விழும். கயிறு பாதிப் பளுவைத் தாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு கை முந்தினால் நாண் ஒரு பக்கம் சாய்ந்து ஏறும், அம்பும் அந்தப் பக்கமே விலகும். வாரக்கணக்கில் ‘ஸ்கோப் (குறிபார்க்கும் கண்ணாடி) சரியில்லை’ என்று திருகிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். கோளாறு ஸ்கோப்பில் இருக்காது, கையில் இருக்கும்.

பிடிக்கும் கையின் கட்டைவிரல், நாண் ஓடும் காடிக்குக் கீழேயே இருக்க வேண்டும். இதை வீட்டில் வெறும் கையோடு நூறு முறை செய்து பழகுங்கள். மேலே எட்டிப் பார்க்கும் விரலை நாண் சும்மா விடாது. அம்பு வைக்காமல் விசையை அழுத்தவே கூடாது. அம்புக்குப் போக வேண்டிய விசை முழுவதும் வில்லின் கைகளுக்குத் திரும்பிவந்து அவற்றை உடைத்துவிடும். மிகவும் லேசான அம்பும் கிட்டத்தட்ட அதையேதான் செய்யும். அம்பின் எடையும் வால்பகுதியின் வடிவமும் வில்லோடு வந்த குறிப்பில் சொன்னபடியே இருக்கட்டும். பயிற்சி முனை போகிற இடத்துக்கே வேட்டை முனையும் போகும் என்று நம்பிவிடாதீர்கள், இரண்டையும் எய்து பாருங்கள். வீட்டுத் தோட்டத்தில் பழகலாமா என்று ஊராட்சி விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். பல ஊர்களில் கூடாது. வில்வித்தை கிளப்பில் சேர்ந்தால் கற்றுக்கொடுக்கவும் ஆள் கிடைக்கும்.

நிலம். நம் பக்கம் யார் காட்டு வழியாகவும் ஒரு எட்டு நடந்து போய்விடுவோம். அங்கே பயிர் இருக்கும் நிலத்திலும் வேலி போட்ட நிலத்திலும் போர்டு இல்லாவிட்டாலும் அனுமதியின்றி நுழையக்கூடாது. மரத்தில் சிவப்புப் பெயிண்ட் என்றால் உள்ளே வராதே என்று அர்த்தம். கோடையிலேயே போய்ப் பண்ணைக்காரர் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். வேட்டை உடுப்பில் போகாதீர்கள், தனியாகப் போங்கள், பெயரையும் வேலையையும் சொல்லுங்கள். நான் ஐந்து வீட்டில் கேட்டு ஆறாவது வீட்டில் சரி வாங்கினேன்.

மான் உங்களைப் பார்ப்பதற்கு முன் மோப்பம் பிடித்துவிடும். வேட்டை நாளில் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், செண்டு வேண்டாம். தாளிக்கிற வாசனை ஏறும் இடத்தில் வேட்டைத் துணியைத் தொங்கவிடாதீர்கள். மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். என்ன செய்தாலும் காற்று உங்கள் பக்கமிருந்து மான் வரும் பக்கம் வீசினால் அன்றைய நாள் முடிந்தது. காற்றைப் பார்க்க அங்குள்ளவர்கள் மில்க்வீட் என்ற செடியின் பஞ்சை ஒவ்வொன்றாக விடுவார்கள். முதல் முறை அதை ஒடித்தபோது கையில் பால் வடிந்தது, காய்க்குள்ளே பட்டு மாதிரிப் பஞ்சு. நம் எருக்கஞ்செடியின் சொந்தக்காரன்தான். இரண்டும் ஒரே குடும்பம். யானைமலை அடிவாரத்தில் சின்ன வயதில் ஊதி விளையாடிய அதே பஞ்சு! ஒரு இழையை விட்டுப் பாருங்கள், இருபது அடி நேராகப் போய் அங்கே சட்டென்று கீழே சுருண்டு இறங்கும். முகத்தில் படும் காற்று சொல்லாததை அது சொல்லும்.

மானுக்குக் காத்திருக்க மரத்தில் கட்டிய பரண் ஏறும்போது, ஹார்னஸ் என்கிற, உடம்பை மரத்தோடு பிணைக்கும் பாதுகாப்புப் பட்டை இல்லாமல் ஒரு அடிகூட ஏறாதீர்கள். புளியமரமும் தென்னையும் ஏறிய கால் என்று சொல்லாதீர்கள். நாலு அடுக்குத் துணி, கனத்த பூட்ஸ், மரத்துப்போன விரல், பனி படிந்த படி என்று எல்லாம் சேர்ந்த மரம் அது. ஏறி, ஹார்னஸை மாட்டிய பிறகு, அம்பு இல்லாத வில்லைக் கயிறு கட்டி மேலே தூக்குங்கள். எய்வதற்கு முன் வில்லின் இரண்டு கைகளும் விரியும்போது கம்பியிலோ கிளையிலோ இடிக்காதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி தூரம். கிரிக்கெட் பிட்ச் 22 கெஜம், அது எல்லோருக்கும் கண்ணளவில் தெரியும். முதல் இரண்டு வருடம் அதற்கு மேல் பத்துப் பன்னிரண்டு அடி வரை மட்டும் எய்யுங்கள். வில் அதைவிட நெடுந்தூரம் எய்யும், தெரியும். ஆனால் நொடிக்கு 350 அடி போகிற அம்பைவிட நாணின் சத்தம் மூன்று மடங்கு வேகமாகப் போகிறது. 40 கெஜத்தில், சத்தம் கேட்ட மானுக்குக் கிட்டத்தட்ட கால் வினாடி கிடைக்கும். ஓடுவதற்காக அது முதலில் உடம்பைத் தாழ்த்தும், அம்பு மேலே போய்விடும், அல்லது படக்கூடாத இடத்தில் படும்.

என் முதல் சீசனில் அதுதான் நடந்தது. அக்டோபர் கடைசி, பொழுது சாயும் நேரம். வெள்ளைவால் பெண் மான், 45 கெஜம் இருக்கும், உடம்பை லேசாக என் பக்கம் திருப்பியபடி நின்றது. எய்தேன். அது முதுகை வளைத்துக் கூனிக்கொண்டு நடந்தது, ஓடவில்லை. இறங்கிப்போய் அம்பை எடுத்தேன். பச்சையும் பழுப்புமாக ஒட்டியிருந்தது, குடல் நாற்றம். அப்போதே தெரிந்திருக்க வேண்டும். இருட்டுவதற்குள் பிடித்துவிடலாம் என்று பின்னாலேயே போனேன். படுத்திருந்த மான் எழுந்து சதுப்புக்குள் போய்விட்டது. மறுநாள் மாலை வரை தேடியும் கிடைக்கவில்லை. அந்த மான் எங்கேயோ வலியோடு கிடந்து செத்தது, அதற்கு நான்தான் காரணம். இன்றைக்கும் அம்பைக் கையில் எடுக்கும்போது அந்த நாற்றம் நினைவுக்கு வருகிறது.

அதனால் பக்கவாட்டில் நிற்கும் மான், அல்லது உங்களிடமிருந்து சற்று விலகிச் சாய்ந்து நிற்கும் மான். முன்னங்காலுக்குப் பின்னால், உடம்பின் கீழ் மூன்றில் ஒரு பாகம். இது இல்லையென்றால் விசையில் விரல் வேண்டாம். அம்பில் இளஞ்சிவப்பு ரத்தமும் நுரையும் இருந்தால் நுரையீரல், அரை மணி நேரம் உட்கார்ந்திருங்கள். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நாலு மணி நேரமாவது. பச்சை என்றால் எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல், ராத்திரி முழுக்கக் காத்திருந்தாலும் தவறில்லை. ரத்தம் தெரிந்த ஒவ்வொரு இடத்திலும் டிஷ்யூ தாளைக் கிளையில் மாட்டுங்கள். திரும்பிப் பார்த்தால் மான் போன கோடு தெரியும். திரும்பும்போது தாள்களை எடுத்துவிடுங்கள்.

எய்யாமல் திரும்பும் நாள்தான் அதிகம் இருக்கும். ஏற்றிய நாணை அப்படியே வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். ஒரு பழைய அம்பை வைத்துப் பயிற்சிப் பையிலோ மெத்தென்ற மண்ணிலோ எய்து இறக்குங்கள்.

மான் கிடைத்தால் அதை நகர்த்துவதற்கு முன்பே டேக்கில் தேதியும் நேரமும் வெட்டிவிட வேண்டும். சீசன் முடிந்ததும் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அறிக்கை கொடுக்க வேண்டும். குடலை உடனே எடுத்து உள்ளே காற்றுப் பட விடுங்கள். கறியைக் கெட்டுப்போக விடுவதே அங்கே சட்டவிரோதம். விற்கவும் கூடாது. வீட்டுக்கு அழைத்து விருந்து வைக்கலாம். மான் கொழுப்பு மெழுகு மாதிரி வாயில் ஒட்டும், வெட்டி எறியுங்கள். கறி வறண்டு போகும் என்பதால் நல்லெண்ணெய் தாராளமாக விட்டு, சின்ன வெங்காயமும் மிளகும் போட்டுச் சுக்கா செய்யுங்கள், கோலா உருண்டைக்கும் நன்றாக வரும். என் முதல் மானில் ஒரு தொடையை அனுமதி தந்த பண்ணைக்காரர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். கூடவே ஒரு டப்பா சுக்காவும். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்றபடியே ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டு, அடுத்த அக்டோபருக்கு எந்த மூலையில் பரண் கட்டப் போகிறாய் என்று கேட்டார்.