வீட்டு ஸ்டுடியோவுக்கு ஒலிப்பதிவு மென்பொருள்: வாங்குவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மைக்கும், அதைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கி முடித்தவுடன் "எந்த மென்பொருள் சிறந்தது?" என்று கேட்பதுதான் முதல் தவறு. எதைப் பதிவு செய்யப் போகிறோம் என்பதை முடிவு செய்யாமல் அந்தக் கேள்விக்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. கதை வாசித்து வெளியிடுபவருக்குப் பேச்சைப் பதிவு செய்து, இருமலையும் தேவையற்ற இடைவெளியையும் வெட்டினால் போதும். அதற்கு இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி தாராளமாக உதவும். கீபோர்டை இணைத்து மிடி (ஒலியை அல்லாமல், எந்த ஸ்வரம் எப்போது வாசிக்கப்பட்டது என்ற தகவலைக் கணினிக்கு அனுப்பும் முறை) வழியாக இசையமைக்க விரும்புபவர் அதே ஆடாசிட்டியோடு மல்லுக்கட்டுவது வீண். மேக் கணினி வைத்திருப்பவர்கள், இலவசமாகவே கிடைக்கும் கராஜ்பேண்டைத் திறந்துகூடப் பார்க்காமல் வேறொன்றுக்குப் பணம் கட்டுவதும் அடிக்கடி நடக்கிறது.

இரண்டாவது தவறு, மென்பொருளின் பெயரை மட்டும் பார்த்து, எந்தப் பதிப்பு என்பதைக் கவனிக்காமல் வாங்குவது. எஃப்எல் ஸ்டுடியோவின் மிகக் குறைந்த விலைப் பதிப்பான ஃப்ரூட்டி எடிஷனில் மைக் மூலம் குரலைப் பதிவு செய்யும் வசதி கிடையாது. பாடகருக்கு அதற்கு அடுத்த புரொடியூசர் எடிஷன் தேவை. எஃப்எல் ஸ்டுடியோவின் சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையை, பணம் கட்டும் வரை மீண்டும் திறக்கவும் முடியாது. புரோ டூல்ஸ் இன்ட்ரோ இலவசம்தான், ஆனால் 8 ஆடியோ ட்ராக்குகளோடு (தனித்தனியாகப் பதிவாகும் ஒலி வரிசைகள்) நின்றுவிடும். ஒரு பக்திப் பாடலை எண்ணிப் பாருங்கள்: முதன்மைக் குரல், அதை இரட்டிக்கும் குரல், துணைக்குரல்கள் இரண்டு, மிருதங்கத்தின் இரு பக்கமும் இரண்டு மைக், வயலின், தம்புரா. எட்டும் தீர்ந்துவிட்டது, கைத்தாளத்துக்கு இடமில்லை. இத்தகைய எல்லைகளை விலைப்பட்டியல் சொல்லாது. பதிப்புகளை ஒப்பிடும் அட்டவணைதான் சொல்லும். அதோடு, பல இன்டர்ஃபேஸ்களுடன் ஏபிள்டன் லைவ் லைட் போன்ற ஒரு மென்பொருள் கூடவே வருகிறது. அதை முதலில் பதிவிறக்கிப் பாருங்கள்.

விலை என்று வரும்போது மாதச் சந்தாவையும் ஒருமுறைக் கட்டணத்தையும் குறைந்தது மூன்றாண்டுக் கணக்கில் ஒப்பிட வேண்டும். குறைந்த செலவில் முழு வசதி வேண்டுபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது ரீப்பர். எந்த வசதியையும் முடக்காமல் 60 நாள் சோதிக்க விடுகிறார்கள்; தனிப்பட்ட பயன்பாட்டுக்கான உரிமம் 60 டாலர். 60 நாள் கழிந்த பிறகும் அது திறக்கும் என்பதற்காக உரிமம் வாங்காமலேயே தொடர்வது நேர்மையாகாது. கிராக் செய்த பிரதிகளைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அவற்றோடு வைரஸ் வந்தால் பாடல்கள் உள்ள மொத்தக் கணினியும் ஆபத்துக்குள்ளாகும்.

பாடும்போது தன் குரல் ஹெட்போனில் தாமதமாகக் கேட்டால் உடனே மென்பொருளைக் குறை சொல்லி மாற்றுவதும் பெரிய தவறு. பெரும்பாலும் காரணம் டிரைவரும் (இன்டர்ஃபேஸைக் கணினியோடு பேச வைக்கும் மென்பொருள்) பஃபர் அளவும்தான் (கணினி ஒரே தடவையில் கையாளும் ஒலித் துண்டின் அளவு). 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது ஒலியை நொடிக்கு 48,000 சாம்பிளாக அளக்கும்போது, பஃபர் 1,024 சாம்பிள் என்றால் ஒரு வழிக்கே சுமார் 21 மில்லிசெகண்ட் ஆகிறது. 256 என்றால் 5 மில்லிசெகண்டுதான். விண்டோஸில் இன்டர்ஃபேஸ் நிறுவனம் தரும், தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவரை நிறுவி, பதிவின்போது பஃபரைக் குறைத்தும், மிக்ஸிங்கின்போது கூட்டியும் வைத்தால், பழைய கணினியிலும் நிம்மதியாக வேலை செய்யலாம். குரலைக் கணினிக்குள் போகாமலே நேராக ஹெட்போனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் பொத்தான் இன்டர்ஃபேஸில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ப்ளக்-இன் (மென்பொருளோடு சேர்த்துப் பயன்படுத்தும் கூடுதல் கருவி அல்லது எஃபெக்ட்) வாங்குமுன் தங்கள் மென்பொருள் எந்த வடிவத்தை ஏற்கிறது என்று பார்க்காதவர்கள் பலர். லாஜிக் புரோவும் கராஜ்பேண்டும் ஏயூ வகையை மட்டுமே ஏற்கும். புரோ டூல்ஸுக்கு ஏஏஎக்ஸ் வேண்டும். விஎஸ்டி மட்டும் உள்ள ப்ளக்-இன் இவற்றில் இயங்காது.

கடைசியாக, ஒரே மென்பொருளின் கோப்பு வடிவத்தை நம்பி இருந்துவிடக் கூடாது. கேக்வாக் சோனாரின் உருவாக்கத்தை 2017இல் கிப்ஸன் நிறுவனம் நிறுத்தியபோது அதன் பயனர்கள் தவித்தார்கள். 2018இல் பேண்ட்லேப் அதை வாங்கி இலவசமாக வெளியிட்டது நல்ல காலம். ஆகவே பாடல் முடிந்தவுடன் ஒவ்வொரு ட்ராக்கையும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து 24 பிட் வேவ் கோப்பாக எடுத்து வையுங்கள். 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு மோனோ ட்ராக் கொண்ட ஐந்து நிமிடப் பாடலுக்குச் சுமார் 350 எம்பி போதும். அந்தக் கோப்புகளை எந்த மென்பொருளிலும் திறக்கலாம்.