வெள்ளத்தில் பயிர் மூழ்கிவிட்டதா? நிவாரணம் வாங்க முதல் நாளிலிருந்து செய்ய வேண்டியவை

ஐப்பசி, கார்த்திகையில் நாலு நாள் விடாமல் பெய்து வடிகாலும் வயலும் ஒரே மட்டமாக நிற்கும்போது, வரப்பில் நின்று பார்க்கிறவருக்கு மனு எழுதுகிற மனநிலை இருக்காது. எனக்குத் தெரியும், நானும் அப்படி நின்றிருக்கிறேன். ஆனால் அந்த முதல் சில நாளில் செய்ய வேண்டியதை விட்டால் பிறகு ஆறு மாதம் அலைந்தாலும் பணம் வராது. இது முதல்முறை விண்ணப்பிக்கிறவர்களுக்காக, காவிரி டெல்டாவின் சம்பா, தாளடி நெல்லை வைத்து எழுதுகிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். வரக்கூடிய பணம் இரண்டு வகை. ஒன்று, பேரிடர் நிதியிலிருந்து அரசு தரும் நிவாரணம், கோப்புகளில் இடுபொருள் மானியம் என்று இருக்கும். இன்னொன்று, நீங்கள் பிரீமியம் கட்டியிருந்தால் வரும் பயிர் காப்பீடு. இரண்டுக்கும் வழி வேறு, பார்க்கும் அதிகாரிகள் வேறு. காப்பீடு செய்யாதவருக்கும் நிவாரணம் உண்டு. காப்பீடு செய்தவர் நிவாரணமும் வாங்கலாம்.

எவ்வளவு கிடைக்கும்? பயிர் 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதமாகியிருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்கும் 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்கும் அறிவித்தது, பாசன நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. நெல்லுக்கு ஏக்கர் கணக்கில் சுமார் 6,880, மா (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) கணக்கில் 2,300க்குச் சற்றுக் குறைவு. 2021 ஜனவரியிலும் 2023 பிப்ரவரியிலும் அறுவடை நேரத்து மழைக்கு ஹெக்டேருக்கு 20,000 அறிவித்தார்கள், ஆக ஒவ்வொரு முறையும் அந்த வருட அறிவிப்பைப் பார்த்துத்தான் கணக்குப் போட வேண்டும். மத்திய அரசின் விதிமுறைப்படி ஒருவருக்கு 2 ஹெக்டேர்தான் உச்சவரம்பு. உழவு, நாற்று, நடவுக்கூலி, உரம் என்று போட்ட பணத்துக்கு இது ஈடே ஆகாது, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனாலும் அடுத்த விதைக்காவது ஆகும், விட்டுவிடாதீர்கள்.

படி 1: தண்ணீர் நிற்கும்போதே படம் எடுங்கள். வடிந்த பிறகு அல்ல. தேதி, நேரம், இடம் மூன்றும் படத்திலேயே பதிகிற ஜிபிஎஸ் கேமரா ஆப் இலவசமாகவே இருக்கிறது. வயலின் நாலு மூலை, பக்கத்து மதகு அல்லது மின்கம்பம் மாதிரி ஓர் அடையாளம், பயிர் எந்த உயரத்துக்கு மூழ்கியிருக்கிறது என்பது தெரிய வேண்டும். தினமும் ஒரு படம் எடுங்கள். ஏனென்றால் தண்ணீர் வடிந்ததும் பயிர் ஒரு வாரம் பச்சையாகத் தெரியும், பார்க்க வருகிறவர் "தப்பிச்சிடுச்சே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வேர் அழுகியதும் கதிர் பதராகப் போனதும் அதற்குப் பிறகுதான் தெரியும்.

படி 2: அடங்கல். இதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறோம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இந்தப் பசலியில் (வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டில்) இந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், யார் சாகுபடி என்று கிராம நிர்வாக அலுவலர் (வி.ஏ.ஓ.) எழுதும் கணக்கு அது. ஒரு வருடம் எங்கள் வயலின் ஒரு உட்பிரிவு தரிசு என்று பதிவாகியிருந்தது, நட்டு நாற்பது நாள் ஆன பயிர் மூழ்கிக் கிடக்க, கணக்குப்படி அங்கே பயிரே இல்லை. அலைந்து திருத்துவதற்குள் பட்டியல் மேலே போய்விட்டது. அதனால் நடவு முடிந்த கையோடு அடங்கல் நகல் வாங்கி, சர்வே எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், பெயர் ஐந்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டா இறந்துபோன அப்பா பெயரிலோ கூட்டுப் பட்டாவாகவோ இருந்தால் மற்ற பங்காளிகளிடம் இப்போதே பேசி, சாகுபடி செய்பவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். குத்தகைக்காரர்களுக்கும் கோயில் நிலம் பயிரிடுகிறவர்களுக்கும் இந்தப் பதிவுதான் உயிர். குத்தகை ரசீது, நெல் அளந்த சீட்டு எது இருந்தாலும் பத்திரமாக வையுங்கள்.

படி 3: எழுத்தில் சொல்லுங்கள். வி.ஏ.ஓ.விடம் ஒன்று, உதவி வேளாண்மை அலுவலரிடம் ஒன்று, வாழை, காய்கறி என்றால் தோட்டக்கலைத் துறையில். ஒரு பக்கம் போதும், பட்டா அல்லது சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தக நகல், படங்கள் சேர்த்துக் கொடுத்து, உங்கள் நகலில் தேதியோடு கையெழுத்து வாங்குங்கள்.

படி 4: கணக்கெடுப்பு நாள். தண்ணீர் வடிந்ததும் வருவாய்த் துறையும் வேளாண் துறையும் சேர்ந்து வருவார்கள். ரோட்டோர வயலை மட்டும் பார்த்துவிட்டுப் போகாமல் இருக்க வேண்டுமென்றால் அன்றைக்கு நீங்கள் வயலில் இருக்க வேண்டும். உங்கள் வயலுக்கு எத்தனை சதவீதம் போட்டார்கள் என்று அங்கேயே கேளுங்கள். 30 என்று எழுதினால் ஒரு ரூபாயும் வராது, 33 என்றால் வரும், அந்த மூன்றுக்காக வாதாடுவதில் தப்பே இல்லை.

படி 5: வங்கிக் கணக்கு. பணம் நேராகக் கணக்கில்தான் விழும். வெகுநாள் புழங்காமல் முடங்கிய கணக்கு, வங்கி இணைப்பில் மாறிப்போன ஐஎஃப்எஸ்சி, ஆதாரில் ஒரு பெயர் பட்டாவில் ஒரு பெயர், இவை எல்லாம் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஒரு நடை வங்கிக்குப் போய் வந்துவிடுங்கள்.

இனி காப்பீடு. பிரதமரின் பயிர் காப்பீட்டில் சம்பாவுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசித் தேதி பெரும்பாலும் நவம்பர் 15, மழை கொட்டும்போது இ-சேவை மையத்தில் கூட்டம் நெரியும், அதனால் அக்டோபரிலேயே கட்டிவிடுங்கள். நெல்லுக்கு இழப்பீடு உங்கள் வயலை வைத்து அல்ல, வருவாய்க் கிராமத்தில் நடக்கும் அறுவடைப் பரிசோதனையில் வரும் சராசரி மகசூலை வைத்து. பரிசோதனை எந்த வயலில், எந்த நாளில் என்று கேட்டு, ஊரில் நாலு பேராவது போய் நில்லுங்கள். 2018ல் நீக்கப்பட்ட, தனி வயலில் நெல் மூழ்கியதற்கான பாதுகாப்பை 2026 காரிஃப் (ஜூன் வாக்கில் தொடங்கும் பருவம்) முதல் மறுபடி சேர்ப்பதாக மத்திய அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. அதற்கு 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்லியாக வேண்டும், 14447 என்ற எண்ணைப் போனில் பதிந்து வையுங்கள். அறுத்துக் காயப்போட்ட கதிர் மழையில் நனைந்தாலும் 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு, அதற்கும் அதே 72 மணி நேரம்தான்.

பட்டியலில் பெயர் விட்டுப்போனால்? முதலில் தாசில்தாரிடம் மனு, அப்புறம் ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். அங்கே தனியாகப் போவதைவிட விட்டுப்போன பத்துப் பேரும் சர்வே எண்ணோடு ஒரே மனுவாகப் போங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், உங்கள் கிராமத்தின் பயிர்ச்சேதக் கணக்கெடுப்புப் பட்டியலின் நகலைக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும்.