வீட்டு ஸ்பீக்கர் செய்பவர் கார் ஆடியோவில் இறங்கலாமா? முடிவெடுக்க ஒரு வழி

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று பொள்ளாச்சிக்கும் பாலக்காட்டுக்கும் நடுவில் கிடக்கும் எல்லை ஊர்களில் வூஃபர் (தாழ்ந்த சுரங்களைப் பாடும் ஸ்பீக்கர்) வாங்கி, பலகை அறுத்து, தாழ்ந்த ஒலியையும் உயர்ந்த ஒலியையும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் கட்டி, வீட்டுக்கான ஸ்பீக்கர் பெட்டிகளைச் செய்து விற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். பெட்டியை வாங்கிக்கொண்டு போனவர் ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து, "அண்ணா, வீட்டுக்குப் போட்ட மாதிரியே வண்டிக்கும் ஒரு செட் போட்டுத் தாங்க" என்று கேட்கும்போது, எழும் ஆசையை அடக்குவது எளிதன்று. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கதவு ஸ்பீக்கர் செய்யப் போக வேண்டாம், வயரிங் வேலையில் கை வைக்க வேண்டாம், டிக்கியில் வைக்கும் சப்வூஃபர் (மிகத் தாழ்ந்த சுரங்களுக்கு மட்டுமான வூஃபர்) பெட்டியை மட்டும், அதுவும் ஒரு மழைக்காலச் சோதனைக்குப் பிறகு, எடுத்துச் செய்யலாம். இந்த முடிவை நீங்களே உரசிப் பார்க்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் வாடிக்கையாளர் யார் என்று எண்ணிப் பாருங்கள். வீட்டு ஸ்பீக்கருக்குப் பெயர் பெற்ற போஸ் நிறுவனம் 1983 மாடல் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் நுழைந்தபோது, கடையில் விற்ற பெட்டியைக் கொண்டுபோய் வண்டியில் பொருத்தவில்லை. ஒவ்வொரு மாடலின் உட்புறத்தையும் தனித்தனியே அளந்து, அதற்கென்றே ஒலியைச் சரிசெய்து கொடுத்தது. மஹிந்திரா எக்ஸ்யூவி 700-இன் உயர் வகையில் சோனியின் 12 ஸ்பீக்கர்களும், ஹூண்டாய் கிரெட்டாவின் உயர் வகையில் போஸின் 8 ஸ்பீக்கர்களும் தொழிற்சாலையிலேயே ஏறி வந்தன. ஆகவே அதிகப் பணம் கொடுத்து வண்டி எடுப்பவர் நம்மிடம் வரப்போவதில்லை. வருபவர்கள் கீழ்வகை கார் எடுத்தவர்கள், பழைய கார் வாங்கியவர்கள், டிராவல்ஸ் வேன் ஓட்டுபவர்கள், சித்தூர்த் தாலுகாவின் தோப்புகளிலிருந்து விடியுமுன் கள் ஏற்றிக்கொண்டு கேரளத்தின் மற்ற மாவட்டங்களுக்குப் போகும் வண்டிக்காரர்கள். இவர்களுக்கு இசை ஒரு சுகம் மட்டுமன்று, தூக்கத்தை விரட்டும் துணையும்கூட. இவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சொல்தான்: பேஸ். அந்தச் சொல்லை நாம் எந்த அளவுக்கு நிறைவேற்ற முடியும் என்பதில்தான் நம் கணக்கு தொடங்குகிறது.

அடுத்தபடியாக, வீட்டில் கற்றதில் எது வண்டிக்குள் செல்லாது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு வூஃபர் நாம் அளந்து கட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. கதவு ஸ்பீக்கரோ ஓட்டைகள் நிறைந்த தகரத்தில், கண்ணாடி இறங்கும் இடுக்கில், மழைநீர் வடியும் வழியில் இருக்கிறது. போர்ட் (காற்று வந்துபோகும் குழாய்) வைத்த பெட்டிக்கு நாம் தேர்ந்தெடுக்கும், க்யூடிஎஸ் (கூம்பின் அசைவு எவ்வளவு இறுக்கமாக அடங்குகிறது என்று காட்டும் எண்; குறைந்தால் இறுக்கம்) 0.3 அளவில் உள்ள வூஃபரைக் கதவில் வைத்தால் பேஸ் மெலிந்துபோகும். பெட்டியில்லாமல் தகரத்தில் உட்காரும் வூஃபருக்கு அந்த எண் 0.5-க்கு மேல் இருப்பது நல்லது. பின்புறக் காந்தம் சற்றுப் பெரிதாக இருந்தால் கண்ணாடி இறங்கும்போது அதில் இடிக்கும், எனவே பல கார்களில் பொருந்தும் 6.5 அங்குல வட்டம் மட்டும் சரியாக இருந்தால் போதாது, ஆழமும் பொருந்த வேண்டும். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் உட்புறம் 60 டிகிரியைத் தாண்டிவிடும். பாலக்காட்டுக் கணவாயின் மார்ச், ஏப்ரல் வெயிலை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சூட்டில் நாம் சாதாரணமாகப் பூசும் பசை இளகும், ஃபோம் ஓரம் சீக்கிரம் பொடியாகும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. சொந்த வண்டியின் முன் கதவுகளில், கைவசம் இருந்த காகிதக் கூம்பு வூஃபர்களை ஒரு மே மாதம் பொருத்தினேன். முதல் மூன்று வாரங்கள் கேட்டவர்கள் எல்லாரும் மெச்சினார்கள். ஜூன் மழை இறங்கியதும் வலது கதவில் ஒரு கரகரப்பு தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது கூம்பின் கீழ்விளிம்பு ஊறிப்போய், கூம்பை அசைக்கும் கம்பிச்சுருள் ஒரு பக்கமாக உரசிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் வந்த மலிவான பாலிபுரொப்பிலீன் ஸ்பீக்கரைத் திரும்பப் பொருத்தினேன். அது இன்றும் பாடிக்கொண்டிருக்கிறது. கதவு ஸ்பீக்கர் தயாரிப்பு அச்சும் ரப்பரும் நீர்காப்பும் சேர்ந்த ஆலை வேலை, மர வேலைக்காரரின் வேலை அன்று என்று அன்றே எனக்குப் பட்டது.

மின்சாரக் கணக்கும் வேறு. வண்டி ஓடும்போது கிடைப்பது 14 வோல்ட்டை ஒட்டிய அழுத்தம்தான். ஸ்பீக்கரின் இரு முனைகளையும் எதிரெதிராக ஓட்டும் பிரிட்ஜ் முறையில் வேலை செய்யும் ஹெட் யூனிட் (டாஷ்போர்டில் இருக்கும் மியூசிக் சிஸ்டம்) அந்த 14.4 வோல்ட்டையும் முழுதாகப் பயன்படுத்தினாலும், 4 ஓம் ஸ்பீக்கருக்குத் தெளிவாகக் கொடுக்கக்கூடியது கணக்குப்படி சுமார் 26 வாட்; இழப்புகளைக் கழித்தால் 20 வாட்டை ஒட்டி நிற்கும். பெட்டியின் மேல் "50 வாட் × 4" என்று அச்சிட்டிருப்பது உச்சக் கணக்கு. நம் வீட்டு 8 ஓம் ஸ்பீக்கரை அதில் மாட்டினால் அந்த 20-லும் பாதிதான் கிடைக்கும். வீட்டுக்குச் செய்ததை வண்டியில் மாட்டிவிட்டு "சத்தமே வரலையே" என்று திரும்பக் கொண்டுவருபவர்களிடம் இந்த ஓம் கணக்கைத்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இவ்வளவும் எதிராக இருக்க, ஒன்று மட்டும் நமக்குச் சாதகமாக இருக்கிறது. காரின் உள்நீளம் ஏறக்குறைய 2.7 மீட்டர் என்றால், அரை அலைநீளம் அந்த நீளத்துக்குச் சமமாகும் 60-65 ஹெர்ட்ஸுக்குக் கீழே, மூடிய கேபினே பேஸைத் தூக்கிக் கொடுக்கத் தொடங்கும். கோட்பாட்டின்படி அந்த ஏற்றம் ஒரு ஆக்டேவுக்கு, அதாவது அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறைக்கும், 12 டெசிபெல். மூடிய பெட்டியில் வைத்த சப்வூஃபரின் ஒலி, தாழ்ந்த சுரங்களில் விழுவதும் அதே 12 டெசிபெல் சரிவில்தான். இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டுவதால், வீட்டின் பெரிய கூடத்தில் பெரும் பெட்டியும் போர்ட்டும் கேட்கும் பேஸ், காருக்குள் ஒரு சிறிய மூடிய பெட்டியிலேயே கிடைத்துவிடுகிறது. கேபினில் காற்று கசிவதால் ஏட்டுக் கணக்கு முழுதாக வராது என்றாலும், முதன்முறை கேட்பவர் வியக்கும் அளவுக்கு வரும். மரமும் கன அளவும் தெரிந்த நமக்கு இதுதான் பொருத்தமான வாசல்.

பெட்டி செய்யும் முறைக்கு வருவோம். டிக்கியின் அளவை டேப்பால் மட்டும் எடுத்து நம்பாதீர்கள். அட்டைப்பெட்டியைக் கிழித்து அதே அளவில் ஒரு மாதிரிப் பெட்டி ஒட்டி, டிக்கியில் வைத்து, கதவை மூடிப் பாருங்கள். பின் இருக்கை சாய்ந்திருப்பதால் முன்பக்கப் பலகை செங்குத்தாக இருந்தால் இடம் வீணாகும், அந்தச் சாய்வை அட்டையிலேயே பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்டெப்னியும் ஜாக்கியும் எடுக்கும் வழி மறைபடக் கூடாது; சி.என்.ஜி. சிலிண்டர் இருக்கும் காருக்குப் பெட்டி செய்ய ஒப்புக்கொள்ளவே வேண்டாம் என்பது என் கட்சி. கன அளவைச் சொல்லுங்கால், பல 10 அங்குல வூஃபர்களுக்கு மூடிய பெட்டியில் 17 முதல் 28 லிட்டர் வரை போதும். ஆனாலும் வூஃபர் தயாரித்தவர் தரும் தாளில் உள்ளதே இறுதி. 45 × 35 × 25 சென்டிமீட்டர் வெளியளவில் செய்த நேர்ப்பெட்டி பார்வைக்கு 39 லிட்டர் என்றாலும், 18 மில்லிமீட்டர் பலகையின் தடிமன் போக உள்ளே 28 லிட்டர்தான் தேறும், அதிலும் வூஃபரின் உடல் 2 லிட்டர் அளவுக்கு இடம் பிடிக்கும். இந்தக் கழித்தலை மறப்பவர்கள் வீட்டுப் பெட்டியில் தப்பிக்கலாம், வண்டியில் தப்பிக்க முடியாது.

எம்.டி.எஃப் (மரத்தூளை அழுத்திச் செய்த) பலகையை வீட்டோடு விட்டுவிடுங்கள். மழையில் நனைந்த குடையும், சந்தையில் வாங்கிய மீன் பையும் டிக்கியில்தான் ஏறும். ஈரம் பட்ட எம்.டி.எஃப் ஓரம் அப்பமாக உப்பிவிடும். ஐ.எஸ். 710 (மெரைன் ப்ளைவுட்டுக்கான இந்தியத் தர எண்) முத்திரை உள்ள மெரைன் ப்ளைவுட் வாங்குங்கள். பெரும்பாவூரிலிருந்து வரும் லோடுகளில் நல்லதும் உண்டு, முத்திரை மட்டும் குத்தியதும் உண்டு, எனவே ஒரு துண்டை அறுத்து வெந்நீரில் கொதிக்கவிட்டுப் பார்த்து ஏடு பிரிகிறதா என்று சோதித்துக்கொள்வது பழைய ஆசாரிகள் செய்யும் வழி. மூட்டுகளில் பசையும் திருகும் சேர்ந்தே இருக்க வேண்டும், உள்மூலைகளில் சீலன்ட் ஓட வேண்டும். இந்த அளவுப் பெட்டி ஏறக்குறைய 8 கிலோ, வூஃபரோடு 12 கிலோவைத் தாண்டும். சடாரென்று பிரேக் அடித்தால் அது பின் இருக்கைக்காரரின் முதுகை நோக்கிப் பறக்கக்கூடிய எடை. ஆகையால் பெல்ட்டோ இரும்புக் கிளாம்போ இல்லாமல் பெட்டியைக் கடையை விட்டு வெளியே அனுப்பாதீர்கள்.

வயரிங் வேலையை ஃபிட்டிங் கடைக்காரரிடம் விட்டுவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்குக் காரணம், அதில் வரும் பழிதான். 500 வாட் தெளிவாகத் தரும் டி-வகை ஆம்ப்ளிஃபையர் முழு வேகத்தில் 45 ஆம்பியர் வரை இழுக்கும். சின்னக் காரின் பேட்டரியோ 35 ஆம்பியர்-மணி அளவுதான். பேட்டரியிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் ஃப்யூஸ் வைக்காமல், செம்பு முலாம் பூசிய அலுமினிய ஒயரைத் தடிமனாகக் காட்டி ஓட்டியவர் யாரென்று, வண்டி புகைந்த பிறகு யாரும் விசாரிப்பதில்லை. பெட்டியில் பெயர் ஒட்டியவரைத்தான் தேடி வருவார்கள். புதிய வண்டியில் கம்பெனி ஒயரை வெட்டினால் வாரண்டி தகராறு வரும், அதனால் ஒயரை வெட்டாமல் கப்ளர் (செருகி இணைக்கும் பிளக்) வைத்து இணைக்கும் பழக்கமுள்ள கடையாகப் பார்த்து ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். ஓட்டுநரின் காதுக்கு வலப்புறக் கதவு 90 சென்டிமீட்டரும் இடப்புறக் கதவு 140 சென்டிமீட்டரும் தூரத்தில் இருந்தால், இரண்டு ஒலிகளுக்கும் நடுவில் ஏறக்குறைய ஒன்றரை மில்லி விநாடி வித்தியாசம் விழும், அதை டி.எஸ்.பி. (ஒலியைத் தாமதப்படுத்திச் சரிசெய்யும் டிஜிட்டல் கருவி) கொண்டு சரிசெய்வதும் அவர்கள் வேலையே. நமக்கு அதில் ஆசை இருந்தால் சொந்த வண்டியில் விளையாடிக்கொள்ளலாம்.

எல்லையில் இருப்பதால் சட்டத்தையும் இருபுறமும் பார்க்க வேண்டியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு மேல்முறையீட்டில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. 2022 அக்டோபரில் வடக்கஞ்சேரிக்கு அருகே சுற்றுலாப் பேருந்து ஒன்று அரசுப் பேருந்தின் பின்னால் மோதி ஒன்பது பேர் இறந்ததற்குப் பின், சுற்றுலாப் பேருந்துகளின் விளக்கு, ஒலி அலங்காரங்கள் மீது நம் பாலக்காடு மாவட்டத்தில் சோதனை இறுகியது. இருக்கையைக் கழற்றி, வெளியே பார்த்து ஒலிக்கும் பெட்டி கேட்டு வரும் பேருந்துக்காரரிடம், எவ்வளவு முன்பணம் நீட்டினாலும், கைகூப்பிவிடுங்கள். டிக்கியில் பெல்ட்டால் கட்டி, வேண்டும்போது எடுத்துவிடக்கூடிய பெட்டி எந்தப் பாகத்தையும் வெட்டுவதில்லை. அதனால்தான் அதை மட்டும் செய்யச் சொல்கிறேன்.

வரியில் ஒரு சிறு பொறி உண்டு. ஆண்டு விற்பனை வரம்புக்குள் இருப்பதால் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டாம் என்று உள்மாநிலத்தில் நிம்மதியாக இருப்பவர், வேலந்தாவளத்தைத் தாண்டிப் பொள்ளாச்சிக் கடைக்குச் சரக்கு அனுப்பத் தொடங்கினால், விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு செய்தாக வேண்டும். 2017-இல் வாளையாரின் வணிகவரிச் சோதனைச்சாவடி போய்விட்டதால் கேட்க ஆளில்லை என்று நினைப்பது தவறு; 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கை ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு) இல்லாமல் பறக்கும் படை பிடித்தால் அபராதம் லாபத்தைத் தின்றுவிடும். பதிவு செலவையும் கணக்கரின் கூலியையும் முதல் பத்துப் பெட்டிகளின் விலையில் ஏற்றிப் பார்த்துக் கட்டுபடியாகிறதா என்று முடிவு செய்யுங்கள்.

இனிச் சோதனை. உங்கள் பகுதியில் அதிகம் ஓடும் ஒரே ஒரு கார் மாடலைத் தேர்ந்தெடுங்கள். முதல் பெட்டி சொந்த வண்டியிலோ உறவினர் வண்டியிலோ ஏறட்டும், அடுத்த இரண்டு பெட்டிகள், குறை சொல்லத் தயங்காத இரண்டு வாடிக்கையாளர்களுக்கு அடக்க விலையில் போகட்டும். ஏப்ரலில் பொருத்தி அக்டோபர் வரை விட்டுவைத்தால் கோடைச் சூடு, தென்மேற்குப் பருவமழை இரண்டையும் பெட்டி பார்த்துவிடும். ஒரு நோட்டில் செய்த மணிநேரத்தை ஒரு பக்கமும், திரும்பக் கொண்டுவந்து பார்த்த மணிநேரத்தை மறுபக்கமும் எழுதுங்கள். பெயிண்ட் உரிந்தது, டெர்மினல் தளர்ந்தது, டிக்கித் தகரம் அதிர்கிறது என்று எது வந்தாலும் எழுத வேண்டும். தகர அதிர்வு உங்கள் குற்றம் அன்று என்றாலும் அதற்குச் செலவான நேரம் உங்களுடையதுதான். மறுபக்கத்து எண்ணிக்கை முதல் பக்கத்தில் பாதியைத் தாண்டினால் வீட்டுப் பெட்டிக்கே திரும்பிவிடுங்கள். தாண்டாவிட்டால் அதே மாடலுக்கு ஐந்து பெட்டிகள் ஒரே வரைபடத்தில் அறுத்து, பொள்ளாச்சியிலோ பாலக்காட்டிலோ ஒரே ஒரு ஃபிட்டிங் கடைக்குக் கொடுத்துப் பாருங்கள். ரசீதில், பெட்டியின் மூட்டுக்கும் மரத்துக்கும் மட்டுமே ஓராண்டுப் பொறுப்பு, வூஃபருக்குத் தயாரித்தவர் பொறுப்பு, இணைப்புக்கு ஃபிட்டிங் கடை பொறுப்பு என்று தமிழிலும் மலையாளத்திலும் அச்சடித்து, வாங்குபவரின் கையெழுத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள்.