பழைய பிளேஸ்டேஷன் 2 டிஸ்க்குகளைப் பார்த்து வாங்குவது எப்படி?

2000 மார்ச்சில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, உலகெங்கும் 15.5 கோடிக்கும் மேல் விற்ற வீடியோ கேம் கன்சோல். 2013 ஜனவரியில் அதன் தயாரிப்பு முடிந்துவிட்டதாக சோனி அறிவித்தது. அதற்கென வெளிவந்த விளையாட்டுகள் 3,800-ஐத் தாண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இன்று அவற்றைச் சேர்க்க விரும்புகிறவர், மூடப்பட்ட கேம் சென்டர்கள், பழைய பொருள் கடைகள், ஓசூரிலிருந்து வேலை மாற்றலாகி வீட்டைக் காலி செய்கிறவர்கள் ஆகியோரைத்தான் நம்பியிருக்க வேண்டும். எனவே எந்த விளையாட்டு வேண்டும் என்று யோசிப்பதற்கு முன், கைக்கு வந்த டிஸ்க்கைச் சோதிக்கத் தெரிந்திருப்பது அவசியம்.

முதலில் டிஸ்க்கைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பாருங்கள். அசல் டிவிடி வெள்ளி நிறத்திலும், சிடியாக வெளிவந்த சில விளையாட்டுகள் அடர்நீல நிறத்திலும் இருக்கும். அடிப்பக்கம் ஊதா சாயலில் இருந்தாலோ, மேல்பக்கத்தில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதியிருந்தாலோ அது வீட்டுக் கணினியில் பதிந்த நகல். மாற்றம் செய்யப்படாத கன்சோலில் ஓடாது. நம் பக்கத்தில் கட்டுக்கட்டாக மலிவு விலைக்குக் கிடைப்பவை பெரும்பாலும் இத்தகையவையே. பிறகு டிஸ்க்கை டியூப் லைட்டுக்குக் கீழே சாய்த்துப் பிடித்துக் கீறல்களைப் பாருங்கள். நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராக ஓடும் கீறல் அவ்வளவு கெடுதல் செய்யாது. வட்டத்தை ஒட்டி வளைந்து செல்லும் கீறல் தொடர்ச்சியான தகவலை அழிப்பதால், அத்தகைய டிஸ்க்கை விலை குறைத்தாலும் வாங்க வேண்டாம்.

அடுத்தது வட்டாரக் குறியீடு, அதாவது டிஸ்க் உலகின் எந்தப் பகுதிக் கன்சோலுக்கானது என்பதைக் காட்டும் அடையாளம். இந்தியாவில் முறைப்படி விற்கப்பட்டவை பால் (PAL) எனும் தொலைக்காட்சி முறைக்கான வகையைச் சேர்ந்தவை. டிஸ்க்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண் எஸ்.எல்.இ.எஸ். அல்லது எஸ்.சி.இ.எஸ். என்று தொடங்கினால் அவை பால் கன்சோலில் ஓடும். எஸ்.எல்.யு.எஸ். என்று தொடங்குவது அமெரிக்கப் பதிப்பு. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த கன்சோல் என்றால், டிஸ்க் வாங்கும் முன் அதன் அடியில் ஒட்டியுள்ள மின்னழுத்த அளவையும் படித்துவிடுங்கள். 120 வோல்ட் மட்டும் தாங்குவதை நம் வீட்டு பிளக்கில் நேராகச் செருகினால் கருகிவிடும்.

டிஸ்க்கும் கன்சோலும் சேர்ந்து விற்பனைக்கு வந்தால், காட் ஆஃப் வார் 2 அல்லது கிரான் டூரிஸ்மோ 4 டிஸ்க்கைப் போட்டுப் பார்ப்பதே நல்ல சோதனை. இரண்டும் இரட்டை அடுக்கு டிவிடிகள் என்பதால், லென்ஸ் தேய்ந்த கன்சோல் மற்ற விளையாட்டுகளை ஓட்டினாலும் இவற்றில் திணறும். கிரானைட் பட்டறைகள் பக்கத்தில் உள்ள வீடுகளில் இருந்த கன்சோலாயின், காற்றுத் துளைகளில் படிந்த வெள்ளைத் தூளையும் கவனிப்பது நல்லது.

எதை வாங்குவது என்பதற்கு என் அளவுகோல், வீட்டில் எத்தனை பேர் சேர்ந்து ஆடுவார்கள் என்பதே. இருவர் ஆட, சண்டை விளையாட்டான டெக்கன் 5-க்கு இணை குறைவு. 2006-இல் வெளிவந்த கிரிக்கெட் 07-இல் இந்திய அணிக்கு உரிமம் இல்லாததால் வீரர்களின் பெயர்கள் திரிந்திருக்கும். ஆனாலும் மட்டை சுழற்றும் சுகத்துக்காகவே அது சேர்ப்பில் இருக்க வேண்டும். ஹைதராபாத்தில் உருவாகி 2009-இல் வந்த தேசி அட்டாவில் கபடியும் கில்லியும் உண்டு. விளையாட்டாக அது சுமார்தான், என்றாலும் இந்தியாவில் இந்தக் கன்சோலுக்கென ஆக்கப்பட்ட மிகச் சிலவற்றில் ஒன்று என்பதால் கண்ணில் பட்டால் விடாதீர்கள். குழந்தைகளுக்கு வாங்குகிறவர்கள் உறையின் முகப்பில் உள்ள வயது எண்ணைப் பார்த்துவிட வேண்டும். பலர் கேட்டு வாங்கும் ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கானது.

மெமரி கார்டையும் மறக்க வேண்டாம். சோனியின் அசல் கார்டு 8 எம்பி கொள்ளும். கார்டு இல்லாவிட்டால் ஆடிய நிலையைச் சேமிக்க முடியாது. முதல் பிளேஸ்டேஷனின் டிஸ்க்குகளும் இதில் ஓடும், ஆனால் அவற்றில் ஆடியதைச் சேமிக்க அந்தப் பழைய கன்சோலுக்குரிய கார்டே வேண்டும். சேமிக்கும் நொடியில் மின்சாரம் நின்றால் கார்டில் உள்ள பதிவு கெட்டுவிடக்கூடும். கரண்ட் அடிக்கடி போகும் ஊர்களில் கன்சோலையும் டிவியையும் இன்வெர்ட்டர் இணைப்பில் வைப்பதே தக்கது.