விலை உயர்ந்த சின்ன பார்சல வெளிநாட்டுக்கு அனுப்பறது எப்படி?

மோதிரம், வாட்ச் மாதிரி பொருள்னா முதல்ல அந்த நாடு அத தபால்ல உள்ள விடுதான்னு பாத்துடுங்க, சில நாடுகள்ல நகை, ரொக்கம் எல்லாம் அனுப்பவே முடியாது. அடுத்து இன்சூரன்ஸ், இதுல மட்டும் காசு மிச்சம் பிடிக்காதீங்க ப்ளீஸ், ரெஜிஸ்டர்ட்ல அனுப்பினா கூட தொலைஞ்சா கிடைக்கற தொகை ரொம்ப கம்மி. கஸ்டம்ஸ் ஃபார்ம்ல ரெண்டு வகை: பொருளோட மதிப்பு 300 எஸ்டிஆர் (சர்வதேச தபால்ல மதிப்பு கணக்கு பாக்கற பொது அலகு) வரைக்கும், அதாவது சுமார் 400 டாலர், சிஎன்22ங்கற ஃபார்ம், அதுக்கு மேலன்னா சிஎன்23. அதுல வெறும் "கிஃப்ட்"னு எழுதினா பத்தாது, "வெள்ளி மோதிரம், 1"னு தெளிவா எழுதி உண்மையான விலைய போடுங்க, வரிக்கு பயந்து கொறச்சு போட்டா க்ளெய்ம் பண்றப்ப அடி வாங்குவீங்க. பேக் பண்ணதும் காதுகிட்ட வச்சு குலுக்கிப் பாருங்க, உள்ள லொடலொடன்னா இன்னும் பேப்பர் திணிங்க. வெளிய பிராண்ட் பேரு வேணாம். ரசீத உடனே போட்டோ எடுத்துக்கங்க, ட்ராக்கிங் நம்பர் அதுலதான் இருக்கும்.