எந்த இலை முதல்ல மஞ்சளாச்சு?

சென்னை தண்டையார்பேட்டையில எங்க மொட்டை மாடியில 30 தொட்டி இருக்கு. தக்காளி, மிளகாய், கத்திரி.

செடி மஞ்சளானதும் உரத்தை அள்ளிக் கொட்டிடாதீங்க, பாவம். மஞ்சள் எங்க ஆரம்பிச்சதுன்னு பாருங்க. அடி இலை முழுசா வெளுத்து, கொழுந்து பச்சையா இருந்தா தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், போதலை. பழைய இலையிலிருந்து உருவித்தான் செடி கொழுந்துக்குக் கொடுக்குது. காசிமேட்டு மீன் கழிவுல சம எடை வெல்லம் போட்டு, மூணு வாரம் மூடி வெச்ச மீன் அமிலத்தை லிட்டருக்கு 5 மில்லி கலந்து தெளிங்க. கொழுந்து வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நின்னா இரும்புச்சத்துக் குறை.

இலை ஓரம் கருகினா மட்டும் நிதானம் வேணும். சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், குறைஞ்சாலும் அப்படித்தான் கருகும், உப்பு ஏறினாலும் கருகும். போன மே மாசம் நான் சாம்பல்சத்துன்னு நினைச்சு அடுப்புச் சாம்பல் போட்டேன், இன்னும் கருகிச்சு. மேல்மண்ணைக் கிளறினா வெள்ளைப் பொருக்கு. துளி எடுத்து நாக்குல வெச்சேன், கரிச்சது. எங்க போர் தண்ணி உப்பு. நாலு மிளகாய்ச் செடி போயிடுச்சு, இன்னும் மனசு ஆறலை. மிச்சத்துக்கு மெட்ரோ தண்ணியை, அதாவது குழாயில வர்ற குடிதண்ணியை, அடித்துளை வழியா வடிய வடிய ஊத்தினேன், பிழைச்சுது.

தக்காளிப் பழத்தோட அடிப்பக்கம் கறுத்தா சுண்ணாம்புச்சத்து ஏறலைன்னு அர்த்தம். தண்ணி சீரா இல்லேன்னா அது ஏறாது; ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமா ஊத்தாதீங்க.

கருகின இலை திரும்பப் பச்சையாகாது. அடுத்து வர்ற கொழுந்தைப் பாருங்க.